பன்னிரண்டு மில்லிமீட்டரில் இரண்டு ஊர்கள்

உங்கள் ஆள்காட்டி விரல் நகத்தைப் பாருங்கள். அதன் அகலம் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் இருக்கும். அந்த இடைவெளியில் இரண்டு குட்டித் தண்டவாளங்களை மேசைமேல் பதித்தால், அயர்லாந்தின் டோனகல் பகுதியில் ஓடிய பழைய குறும்பாதை ரயிலை அதில் ஓட்டலாம். திருச்சியிலிருந்து கீரனூர், புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி வழியாக மானாமதுரைக்குப் போன மீட்டர்கேஜ் ரயிலையும் அதே பாதையில் ஓட்டலாம். நிஜத்தில் இந்த இரண்டு பாதைகளும் ஒரே அகலம் கொண்டவை அல்ல. டோனகல் பாதை மூன்று அடி, அதாவது 914 மில்லிமீட்டர். நம்முடையது 1,000. ஒன்றின் பெட்டி மற்றதில் ஏறாது. மேசைமேல் மட்டும் இரண்டும் எப்படி ஒன்றாகின்றன?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் மாதிரி ரயில் கலையின் அடிப்படைக் கணக்கு புரிந்துவிடும். கூடவே, புதுக்கோட்டையின் தண்டவாளத்துக்குள் ஒரு ஐரிஷ்காரர் ஒளிந்திருப்பதும் தெரியவரும்.

அகலம் தந்த பிரபுக்கள்

அயர்லாந்தின் முதல் ரயில் 1834-ல் டப்ளினில் ஓடியது. பாதையின் அகலம் நான்கு அடி எட்டரை அங்குலம். வடக்கே அல்ஸ்டர் ரயில்வே ஆறு அடி இரண்டு அங்குலத்தில் பாதை போட்டது. டப்ளினிலிருந்து ட்ரோகடா போன பாதைக்கு ஐந்து அடி இரண்டு அங்குலம். சின்ன தீவில் ஆளுக்கொரு அளவு. கடைசியில், இவற்றுக்கு இடைப்பட்ட ஐந்து அடி மூன்று அங்குலம் என்று 1846-ல் சட்டம் போட்டு முடித்தார்கள். இவர்கள் யாரிடமும் இல்லாத அளவு! அந்த 1,600 மில்லிமீட்டர்தான் இன்றும் அயர்லாந்தின் அகலம்.

இந்தப் பஞ்சாயத்து நடந்த ஆண்டுகளில் லண்டன் வர்த்தக வாரியத்தில் ரயில்வே விவகாரங்களைக் கவனித்தவர் டல்ஹவுசி. 1848-ல் அவர் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்தார். பாதையின் அகலம் தொடக்கத்திலேயே ஒன்றாக இல்லாவிட்டால் பின்னால் என்ன பாடுபட வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்தவர். ஆறு அடி வேண்டும் என்று அவர் கேட்டார். ஐந்து அடி ஆறு அங்குலம் என்று முடிவானது. நாம் இன்று அகலப்பாதை என்று சொல்லும் 1,676 மில்லிமீட்டர் அப்படி வந்தது.

ஆனால் ஒரே அகலம் நிலைக்கவில்லை. அகலம் கூடக் கூட மண் வேலை, பாலம், கட்டை, இரும்பு எல்லாமே கூடும். செலவைக் குறைக்க வழி தேடிய காலத்தில் வைஸ்ராயாக இருந்தவர் மேயோ பிரபு. டப்ளினில் பிறந்தவர். அவருடைய ஆட்சியில், 1870-ல், இரண்டாவது அகலம் ஒன்றை ஏற்பது என்று முடிவானது. இந்தியாவில் மெட்ரிக் அளவுகளைக் கொண்டுவரும் எண்ணம் அப்போது அரசுக்கு இருந்ததால், அடிக்கணக்கை விட்டு ஒரு மீட்டர் என்று வைத்தார்கள். மெட்ரிக் முறை அப்போது நாட்டுக்கு வரவில்லை. அது நடைமுறையானது 1956 சட்டத்துக்குப் பிறகுதான். மளிகைக் கடையில் படியும் வீசையும் ஆண்டுகொண்டிருந்த காலத்திலேயே, எண்பது ஆண்டுகளுக்கும் மேல் முந்திக்கொண்டு, தண்டவாளத்தில் மீட்டர் வந்து உட்கார்ந்துவிட்டது. மேயோ 1872-ல் அந்தமானில் கொல்லப்பட்டார். அவர் காலத்து மீட்டர் மட்டும் ஊர் ஊராகப் பரவியது.

நாகப்பட்டினம்–திருச்சி பாதை முதலில் அகலப்பாதையாகப் போடப்பட்டு, 1870-களில் மீட்டருக்குக் குறுக்கப்பட்டது. தொண்டைமான் சமஸ்தானமான புதுக்கோட்டைக்குத் திருச்சியிலிருந்து ரயில் வந்தது 1929-ல். அடுத்த ஆண்டு பாதை மானாமதுரை வரை நீண்டது. ராமேஸ்வரம், தனுஷ்கோடி போகிறவர்களுக்கு மதுரையைச் சுற்ற வேண்டாத குறுக்குவழி கிடைத்தது. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அதே பாதை அகலமாக்கப்பட்டது. அறந்தாங்கி வழியாகப் போன பாதை இன்னும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்துப் பிறகு அதுவும் மாறியது. முக்கால் நூற்றாண்டுக்கு மேல் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சுமந்த மீட்டர்கேஜ் இப்போது இங்கே இல்லை.

டோனகலின் கதையும் இதற்கு அருகில்தான் வருகிறது. ஐந்து அடி மூன்று அங்குலத்துக்குக் கட்டுப்படியாகாத ஏழைப் பகுதிகளுக்காக அங்கே மூன்று அடிப் பாதைகள் போட்டார்கள். டோனகல் ரயில்வே 1931-லேயே டீசலில் ஓடும் ரயில்காரை இறக்கியது. பிரிட்டிஷ் தீவுகளில் அதுதான் முதல் டீசல் ரயில்கார். ஆனாலும் 1959-ன் கடைசி நாளோடு அதன் ரயில் சேவை நின்றுபோனது.

யாருடைய தண்டவாளம்?

ஓடாத ரயிலை மறுபடி ஓட்ட மலிவான வழி, அதைச் சுருக்கிச் செய்வது. எத்தனை மடங்கு சுருக்குவது?

உலகில் அதிகம் புழங்கும் மாதிரி ரயில் அளவு எச்.ஓ. நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. 20 மீட்டர் பெட்டி 23 சென்டிமீட்டர் ஆகும். ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் அமெரிக்காவிலும் நிஜத் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 16.5. எனவே 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம்தான் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது.

பிரிட்டனில் இது சிக்கலானது. அந்நாட்டு இன்ஜின்கள் உருவத்தில் சிறியவை. 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் அந்தக் காலத்து மோட்டார் உள்ளே நுழையவில்லை. அதனால் தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, இன்ஜினை மட்டும் சற்றுப் பெரிதாக, அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற கணக்கில், 76-ல் ஒரு பங்காகச் செய்தார்கள். 1938-ல் 'ஹார்ன்பி டப்ளோ' வரிசை இந்தக் கலப்பை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. மேலே 76, கீழே 87. சட்டை ஒரு அளவு, செருப்பு ஒரு அளவு.

அயர்லாந்துக்காரர்களும் இந்த அளவையே வாங்கிக்கொண்டார்கள். அடிக்கு 4 மில்லிமீட்டர் என்றால் அவர்களுடைய ஐந்தேகால் அடிக்குச் சரியாக 21 மில்லிமீட்டர் வேண்டும். கடையில் கிடைப்பதோ 16.5. அதன்மேல் நிற்கும் ஐரிஷ் ரயில், நிஜக் கணக்கில் 34 சென்டிமீட்டர் குறுகிய பாதையில் நிற்கிறது. பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. பிடிவாதக்காரர்கள் சிலர் 21 மில்லிமீட்டரில் தண்டவாளத்தைத் தாங்களே கையால் இழைத்துப் போடுகிறார்கள். ஒவ்வொரு சக்கர அச்சையும் மாற்றுகிறார்கள்.

நம் அகலப்பாதைக்கும் இதே கதி. 1,676-ஐ 87-ஆல் வகுத்தால் 19.3. கடைத் தண்டவாளத்தில் ஓடும் இந்திய மாதிரி ரயில் நிஜக் கணக்கில் 24 சென்டிமீட்டர் ஒட்டிப்போன கால்களோடு ஓடுகிறது. டப்ளினுக்கும் சென்னைக்கும் பொதுவான குறை இது.

இப்போது 12 மில்லிமீட்டர் புதிரை அவிழ்க்கலாம். டோனகலின் மூன்று அடியை அடிக்கு 4 மில்லிமீட்டர் கணக்கில் சுருக்கினால் சரியாக 12. புதுக்கோட்டையின் ஒரு மீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5, அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஒரே பாதை, இரண்டு விகிதம். டோனகல் ரயில் 76-ல் ஒரு பங்கு, நம்முடையது 87-ல் ஒரு பங்கு. இன்ஜின்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

சுருங்குவதும் சுருங்காததும்

நம் சிற்பிகளுக்கு விகிதம் புதிதல்ல. முகத்தின் நீளத்தை ஒரு தாளம் என்று வைத்து, உருவம் முழுவதையும் அதன் மடங்குகளால் அளப்பார்கள். விரல் உயர உற்சவரானாலும் ஆள் உயர மூலவரானாலும் கணக்கு ஒன்றுதான். ஆனால் பிள்ளையாருக்கும் குழந்தைக் கண்ணனுக்கும் பத்துத் தாளம் வைக்க மாட்டார்கள், ஐந்து போதும். குழந்தை என்பது சுருக்கிய பெரியவர் அல்ல என்பது அவர்களுக்குத் தெரியும். குட்டி ரயிலும் சுருக்கிய பெரிய ரயில் அல்ல.

முதலில் சுருங்குவதைப் பார்ப்போம். டீக்கடைக் காகிதக் கப் இரண்டை வாயோடு வாய் சேர்த்து ஒட்டுங்கள். நடு பெருத்து, ஓரம் சிறுத்து இருக்கும். இரண்டு குச்சிகளைச் சம இடைவெளியில் லேசான சரிவாக வைத்து, அதன்மேல் இதை உருட்டுங்கள். கோணலாக விட்டாலும் தானே நடுவுக்கு வரும். ஒரு பக்கம் நகர்ந்தால் அந்தப் பக்கக் குச்சியின்மேல் கப்பின் பெருத்த பகுதி வருகிறது. அது ஒரு சுற்றுக்கு அதிக தூரம் உருண்டு முந்திக்கொண்டு உருளையைத் திருப்பிவிடுகிறது.

ரயில் சக்கரமும் இதே வடிவம். உள்பக்கம் பெருத்து, வெளிப்பக்கம் சிறுத்திருக்கும். இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டவை. கார் சக்கரம்போலத் தனித்தனியாகச் சுழலாது. வளைவில் வெளித் தண்டவாளம் நீளம் அதிகம். வெளிச் சக்கரம் தன் பெருத்த பகுதியில் ஏறிக்கொண்டு அந்தக் கூடுதல் தூரத்தை ஈடுகட்டுகிறது. சக்கரத்தின் உள்விளிம்பு கடைசிக் காவல் மட்டுமே. இது வடிவத்தின் வேலை என்பதால் எந்த அளவிலும் பலிக்கும். 87-ல் ஒரு பங்கு சக்கரமும் இப்படியே வழி கண்டுபிடிக்கிறது.

எடை வேறு கதை. நீளத்தை 87-ல் ஒரு பங்காக்கினால் அகலமும் உயரமும் அப்படியே குறையும். எனவே எடை 87-ஐ மூன்று முறை பெருக்கிய அளவுக்கு, அதாவது ஆறரை லட்சம் மடங்குக்கு மேல், குறைய வேண்டும். 60 டன் இன்ஜின் 91 கிராம் ஆகிவிடும். அவ்வளவு லேசான இன்ஜினின் சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்காமல் வழுக்கும். தூசு ஒட்டினால் மின்தொடர்பும் விட்டுப்போகும். அதனால்தான் மாதிரி இன்ஜினுக்குள் உலோகக் கட்டியை ஒளித்து, கணக்குக்கு மேல் எடை ஏற்றுகிறார்கள்.

நிறுத்துவதில் இன்னும் பெரிய வித்தியாசம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் ரயிலின் இழுவையை நிறுத்திவிட்டு, பிரேக் போடாமல் விட்டால், சமதளத்தில் கிலோமீட்டர் கணக்கில் உருளும். அதன் குட்டி வினாடிக்கு 19 சென்டிமீட்டரில் போனால் அது சரியான வேகம். ஆனால் கரண்டை நிறுத்தியதும் வெடுக்கென்று நின்றுவிடும். காரணம், உருளும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் 87 மடங்கு குறைந்தால் உருளும் தூரம் 7,569 மடங்கு குறைகிறது. புவியீர்ப்பும் உராய்வும் விகிதம் பார்த்துக் குறைவதில்லை. நிஜத்தில் ஏழு கிலோமீட்டர் உருளும் ரயிலின் குட்டி ஒரு மீட்டர்கூடத் தாண்டாது. பல்சக்கரங்களின் இறுக்கமும் சேர்ந்தால் விரற்கடைதான். நிஜ ரயில்போல மெல்ல நிற்க, மோட்டாரோடு பித்தளைக் கனச்சக்கரம் ஒன்றைச் சுழலவிடுவார்கள். அல்லது மின்னணுச் சுற்று கரண்டைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பெரிய ரயில்போல நடிக்கும்.

தூரம் எவருக்கும் சுருங்கிக் கொடுப்பதில்லை. திருச்சி–புதுக்கோட்டை 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 87-ஆல் வகுத்தாலும் 600 மீட்டர். எந்த வீட்டில் அடங்கும்? வளைவும் அப்படித்தான். மீட்டர்கேஜில் அனுமதித்த மிகக் கூர்மையான வளைவின் ஆரம் சுமார் 109 மீட்டர். சுருக்கினால் ஒன்றேகால் மீட்டர். ரயில் ஒரு வட்டம் அடிக்க இரண்டரை மீட்டர் அகல மேசை வேண்டும். பொம்மைத் தண்டவாளங்கள் அரை மீட்டருக்கும் குறைந்த ஆரத்தில் திரும்புகின்றன. மாதிரி ரயில் செய்கிறவர் பொய் சொல்லாமல் தப்ப முடியாது. எந்த எண்ணில் பொய் சொல்வது, எந்த எண்ணைத் தொடாமல் விடுவது என்பதில்தான் அவர் கலை இருக்கிறது.

இரண்டு கம்பியில் கரண்டும் கட்டளையும்

பழைய முறை எளிது. ஒரு தண்டவாளத்தில் நேர்மின், மற்றதில் எதிர்மின். 12 வோல்ட் நேர்மின்னோட்டம். கூட்டினால் வேகம் கூடும். முனையை மாற்றினால் பின்னால் ஓடும். ஆனால் ஒரே பாதையில் இரண்டு இன்ஜின் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே ஓடும்.

இன்றைய டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். அதன் முனைகள் மட்டும் வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு முனையில் 58 மைக்ரோவினாடி நின்று மாறினால் அது '1'. 100 மைக்ரோவினாடியோ அதற்கு மேலோ நின்றால் '0'. இப்படி எழுதப்படும் செய்தியில் முதலில் முகவரி, பிறகு கட்டளை. இன்ஜினுக்குள் இருக்கும் சில்லு தன் முகவரி வந்தால் மட்டும் காது கொடுக்கும். புதுக்கோட்டை நிலையத்தில் ஒன்று நிற்கலாம், நமணசமுத்திரம் பக்கம் ஒன்று ஓடலாம். தண்டவாளமே கரண்டுக் கம்பி, தண்டவாளமே தந்திக் கம்பி.

மீட்டர்கேஜ் காலத்து ஒற்றைப் பாதையில் எதிரெதிர் ரயில்கள் மோதாமல் காத்தது டோக்கன். அடுத்த நிலையம் வரை பாதை தனக்குத்தான் என்பதற்கான அந்த அத்தாட்சியை, வளையத்தில் கோத்த பையில் வைத்து நீட்டுவார்கள். ஓடும் இன்ஜினிலிருந்து டிரைவர் அதைக் கையில் மாட்டிக்கொள்வார். 'இந்தக் கட்டளை உனக்கு மட்டும்' என்கிற அதே வேலையை இன்று மைக்ரோவினாடிகள் செய்கின்றன.

செம்மண்ணும் ரவையும்

தண்டவாளத்துக்கு வெளியே வந்தால் கணக்கு சமையலறைக்குள் நுழைகிறது. ரயில் பாதைச் சல்லியின் பெரிய கற்கள் ஆறு சென்டிமீட்டர் போல இருக்கும். 87-ஆல் வகுத்தால் 0.7 மில்லிமீட்டர். அதாவது ரவை. ரவையைக் கொட்டினால் எறும்பு வரும் என்பதால், ரவைச் சல்லடையில் சலித்த மணலைப் பசை கலந்து பரப்ப வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்துச் செம்மண்ணை மாவுச் சல்லடையில் சலித்தால் நிலப்பரப்பு தயார். பழைய தந்திக் கம்பத்துக்குத் தென்னை ஈர்க்குச்சி போதும். 20 மீட்டர் பனைமரம் 23 சென்டிமீட்டர் உயரம் நிற்க வேண்டும்; பெட்டியின் நீளமும் அதேதான். பனையைக் குட்டையாகச் செய்தால் ரயில் பெரிதாகத் தெரியும், ஊர் பொய்யாகிவிடும்.

நிலைய ஓரத்தில் கைகாட்டி, தைல மரங்கள், தொலைவில் நார்த்தாமலையின் மொட்டைப் பாறைகள். தொலைவில் இருப்பதைச் சற்று வெளிறிய நீலச் சாயலில் தீட்ட வேண்டும். நிஜத்தில் இடையில் இருக்கும் காற்று ஒளியைச் சிதறடித்து மலையை வெளிறச் செய்கிறது. ஒன்றரை மீட்டர் மேசையில் அவ்வளவு காற்று இல்லை. தூரிகைதான் அந்தக் காற்றைத் தர வேண்டும்.

அறுபதில் ஒன்று

அயர்லாந்தில் இந்தக் கலைக்குப் பெயர் வாங்கித் தந்தவர்களில் ஒருவர் சிரில் ஃப்ரை. ரயில்வே பொறியாளர், வரைபடக்காரர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து பல்லாண்டுகள் அவர் கையால் செய்த ரயில்கள் இன்று டப்ளின் அருகே மாலஹைடில் அருங்காட்சியகமாக இருக்கின்றன. தன் துறையின் அளவுகளை அறிந்தவர் உட்கார்ந்து செய்தது என்பதுதான் அந்தக் குட்டி ரயில்களின் மதிப்பு. நம் நாட்டிலும் புனேயில் ஜோஷி குடும்பத்தின் குட்டி ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. புதுக்கோட்டை மீட்டர்கேஜையும் இப்படிச் செய்ய முடியுமா?

முடியும், அதற்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தைத் தேடி அலையவும் வேண்டாம். கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். ரயிலுக்கேற்ற தண்டவாளத்தைத் தேடுவதற்குப் பதில், கிடைக்கும் தண்டவாளத்துக்கேற்ற விகிதத்தைத் தேடுங்கள். மூன்றரை அடிப் பாதை கொண்ட தென்னாப்பிரிக்க, நியூசிலாந்து ரயில்களைச் செய்கிறவர்கள், 64-ல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு, சாதாரண 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்திலேயே ஓட்டுகிறார்கள். நமக்கு அறுபது. 16.5-ஐ 60-ஆல் பெருக்கினால் 990. ஒரு மீட்டருக்கு வெறும் ஒரு சென்டிமீட்டர் குறைவு! ஐரிஷ் அகலப்பாதைக்கும் நம் அகலப்பாதைக்கும் பொருந்தாத கடைத் தண்டவாளம், மேயோ காலத்து மீட்டருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்கிறது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் இது இனிமையான எண். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் மேசையில் மணிக்கு ஒரு கிலோமீட்டர். 18 மீட்டர் பெட்டி 30 சென்டிமீட்டர். அட்டையும் மூங்கில் பட்டையும் போதும். மோட்டாரும் சக்கரமும் மட்டும் வாங்க வேண்டும்.

வாங்க முடியாதவையும் சில உண்டு. நமணசமுத்திரம் அய்யனார் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட மண்குதிரைகள் வரிசைகட்டி நிற்கின்றனவே, அவை எந்த ஜெர்மன் கம்பெனியின் விலைப்பட்டியலிலும் இல்லை. ஆள் உயரக் குதிரை அறுபதில் ஒன்றாகச் சுருங்கினால் விரலின் ஒரு கணுவளவு, சுமார் மூன்று சென்டிமீட்டர். வரிசைக்கு எத்தனை, ஒன்றுக்கொன்று எவ்வளவு இடைவெளி, எந்தத் திசை பார்க்கின்றன என்பதைப் போய் நின்று பார்த்தவர்தான் சொல்ல முடியும். பழைய நடைமேடை எவ்வளவு தாழ்வாக இருந்தது, கைகாட்டி எந்தப் பக்கம் நின்றது என்பதும் அப்படித்தான். அந்தப் பாதையில் வேலை பார்த்துக் கொடி காட்டியவர்களின் நினைவில்தான் அவை இருக்கின்றன. தண்டவாளம் கடையில் எப்போதும் கிடைக்கும். முதலில் எடுக்க வேண்டியது ஒரு நோட்டும் அளவெடுக்கும் டேப்பும்.